பிளாக் கன்ட்ரியில் ஒரு பைன்ட் மைல்டு

இங்கிலாந்துக்குக் கிளம்பும்போது ஆளாளுக்கு ஒரு எச்சரிக்கை சொல்லி அனுப்புவார்கள். எனக்குச் சொன்னவற்றில் ஒன்று, "அங்க பீரைச் சூடாத்தான் தருவான், பழகிக்கோ." பாதி உண்மை. சூடெல்லாம் கிடையாது, ஆனால் ஜில்லென்றும் இருக்காது. நிலவறையில் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் வைத்து, கைப்பம்பால் இழுத்து ஊற்றும் ஏல் வகை அது. டாஸ்மாக் கூலிங் பீரில் பழகிய நாக்குக்கு முதல் வாய் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சென்னையிலிருந்து வந்திருந்த கல்லூரி நண்பன் ஒரு மிடறு குடித்துவிட்டு டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். "என்ன மச்சான், இவங்க ஃப்ரிட்ஜ் ரிப்பேரா?"

அவனுக்குச் சொன்ன பதில் நீண்டுபோனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது பர்மிங்காமுக்கு மேற்கே, டட்லி பக்கம். டட்லி, வால்சால், சான்ட்வெல், வுல்வர்ஹாம்ப்டன் எல்லாம் சேர்ந்த இந்த வட்டாரத்தை பிளாக் கன்ட்ரி என்பார்கள். நிலக்கரியும் இரும்பும் சங்கிலிப் பட்டறைகளும் இருந்த ஊர்கள். டைட்டானிக் கப்பலின் நடு நங்கூரம், 15 டன்னுக்கு மேல் எடை, 1911-இல் இங்கே நெதர்டனில் நோவா ஹிங்லி பட்டறையில் செய்தது. அதை டட்லி ரயில் நிலையம்வரை இழுத்துப்போக 20 குதிரைகள் பூட்டினார்களாம். அப்படிப்பட்ட பட்டறைகளில் உலைக்கு முன்னால் நாள் முழுக்க வேர்த்துக் கொட்டியவர்கள் சாயங்காலம் குடித்தது மைல்டு என்ற ஏல். வேர்வையில் போன தண்ணீரையும் தெம்பையும் திரும்பப் பெற வேண்டும், மறுநாள் காலையில் வேலைக்கும் எழுந்திரிக்க வேண்டும். அதனால் லேசான இனிப்பு, குறைந்த கசப்பு, குறைந்த போதை. இப்போது கிடைக்கும் மைல்டு பெரும்பாலும் 3 முதல் 3.6 சதவீதம்தான். நிறம் பெரும்பாலும் கருஞ்சிவப்பு. மால்ட், அதாவது முளைகட்டி வறுத்த பார்லியின் வாசம் இருக்கும், ஹாப்ஸ் பூவின் கசப்பு பின்னால் எங்கோ இருக்கும்.

ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுக்க அதிகம் விற்ற பீர் இதுதான் என்றால் இன்று நம்பக் கஷ்டம். 1960-களுக்குப் பிறகு லாகர், அதாவது நம்மூரில் ஜில்லென்று குடிக்கிற வகை பீர், வந்து அடித்துப்போட்டது. மைல்டு என்றாலே தொப்பி போட்ட தாத்தாக்கள் குடிப்பது என்று ஆகிவிட்டது. லண்டனில் பல பப்களில் கேட்டால் பரிமாறுகிற பையனுக்கே தெரியாது. இங்கே மட்டும் கைப்பம்புகளுக்கு நடுவில் இன்னும் ஓர் இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நம்மூர்க்காரன் என்று தெரிந்ததும் பப்பில் பலரும் ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற பர்ட்டன் நகரத்து ஆலைகள் 1820-களிலிருந்து ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட பீரைக் கப்பலேற்றி கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் என்று அனுப்பின. உண்மைதான், நம் கடற்கரையில் வந்து இறங்கிய சரக்கு அது. ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு நேர் எதிரான சங்கதி. ஐபிஏ ஊர் விட்டு ஊர் போகவென்றே காய்ச்சியது. மைல்டு தெருக்கோடி தாண்டக்கூட யோசிக்கும்.

ஏன் என்று புரிந்தது ஒரு நிலவறையில். பக்கத்துத் தெரு பப் முதலாளி ஒருவர், நான் கேள்வி கேட்டுக் கேட்டு அலுத்துப்போயோ என்னவோ, "வா, காட்டுகிறேன்" என்று கதவைத் திறந்து படியிறங்கினார். தாழ்ந்த கூரை, ஈரச் செங்கல், புளித்த மாவும் மரமும் கலந்த வாசம். சாய்வான தாங்கியில் பீப்பாய்கள் படுத்திருந்தன. இப்போதெல்லாம் பீப்பாய் அலுமினியம் அல்லது ஸ்டீல். சாதாரண அளவு 9 கேலன், அதாவது 72 பைன்ட், ஏறக்குறைய 41 லிட்டர் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்). ஒவ்வொன்றின் மேல்புறத்திலும் ஒரு துவாரம், அதில் விரல் நீளத்துக்கு ஒரு மரமுளை. ஒரு முளையைச் சுற்றி வெள்ளையாக நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. "அது இன்னும் வேலை செய்கிறது" என்றார்.

பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடுதான் வருகிறது. பப் நிலவறையிலேயே இரண்டாவது முறை நொதிக்கிறது. முதலில் காற்று போகிற மென்மையான மரமுளையை அடித்து, அதிகப்படி வாயுவை வெளியேற்றுகிறார்கள். அடங்கியதும் கெட்டியான முளைக்கு மாற்றி, மிச்ச வாயுவை உள்ளேயே நிறுத்துகிறார்கள். ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளிய ஒரு நாளாவது அசையாமல் கிடக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விற்பனை. விற்க ஆரம்பித்ததும் இன்னொரு கணக்கு தொடங்கிவிடுகிறது. மேலே ஒரு பைன்ட் இழுக்க இழுக்க, கீழே அந்த அளவு காற்று பீப்பாய்க்குள் போகிறது. காற்று பட்ட பீர் முதல் நாள் மெருகேறும், மூன்றாம் நாள் சோர்ந்துவிடும், அப்புறம் புளிக்கத் தொடங்கும்.

பனங்கள் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. காலையில் இறக்கியது சாயங்காலம் வேறு சரக்கு. ஏலுக்கு மணிக்கணக்குக்குப் பதில் நாள் கணக்கு, அவ்வளவுதான்.

நல்ல ஏல் தேடுகிறவர் கவனிக்க வேண்டியது அது எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்பதை. என்ன பிராண்ட் என்பதெல்லாம் அதற்கு அடுத்ததுதான். கைப்பம்பு வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு நிற்கிற பப்பைப் பார்த்தால் நமக்கு ஆசை வரும். ஆனால் கூட்டமில்லாத ஊரில் பன்னிரண்டு பீப்பாய் மூன்று நாளில் எப்படித் தீரும்? இரண்டே பம்பு, ஒன்றில் மைல்டு, ஒன்றில் பிட்டர் (மைல்டைவிடக் கசப்பான ஏல்), முன்னால் எப்போதும் ஆள் நிற்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். நான் புது ஊருக்குப் போனால் செய்வது இதுதான்: உள்ளே நுழைந்ததும் பலகையைப் பார்ப்பதில்லை, ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களின் டம்ளரைப் பார்க்கிறேன். எல்லோர் கையிலும் ஒரே நிறம் என்றால் அதையே கேட்பது. திங்கள், செவ்வாய் மத்தியானத்தைவிட வெள்ளி சாயங்காலம் பாதுகாப்பு.

டவுனில் பெரிய பப் ஒன்றில், பம்பு வரிசை கண்ணைப் பறிக்கிற இடம், எனக்கு ஊற்றித் தந்த பைன்ட் மூக்கருகே கொண்டுபோகும்போதே வினிகர் அடித்தது. சொன்னேன். "பீப்பாய் பீர் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. இப்படி இருக்கவே கூடாது. லேசான கலங்கல் சில ஏல்களில் வேண்டுமென்றே இருக்கும், அது குற்றமில்லை. வினிகர் வாசம், ஈர அட்டைப்பெட்டி வாசம், உயிரே இல்லாத சப்பைத்தன்மை, இவை மூன்றும் குற்றம். ஒரு வாய்க்கு மேல் குடிக்காமல், டம்ளர் நிறைய இருக்கும்போதே கொண்டுபோய், சத்தம் போடாமல், "இது முடிந்துபோனது போலிருக்கிறது, பார்க்கிறீர்களா" என்று சொன்னால் முக்கால்வாசி இடங்களில் மறு பேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். நல்ல பப்பில் அவர்களே முகர்ந்து பார்த்து அந்தப் பம்பில் மாட்டியிருக்கும் பீர் பெயர்ப்பட்டையைத் திருப்பிவைத்துவிடுவார்கள். பட்டை திரும்பியிருந்தால் அந்தப் பீப்பாய் இப்போதைக்கு இல்லை என்று அர்த்தம். பாதி குடித்துவிட்டுப் போய்க் கேட்பதுதான் எடுபடாது. நம்மவர்கள் பலர் "எதுக்கு வம்பு" என்று முழுங்கிவிட்டு, அப்புறம் வாழ்நாள் முழுக்க ஏல் என்றாலே புளிப்பு என்று சொல்லித் திரிகிறார்கள்.

சரி, எங்கே போவது? யாராவது வந்தால் நான் கூட்டிப்போகிற வழி ஒன்று உண்டு. காரை வீட்டில் விட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம்; எத்தனை பைன்டுக்கு அந்த வரம்பு வரும் என்று கணக்குப் போடுவதே வீண் வேலை. டட்லியை மையமாக வைத்தால் எல்லாவற்றுக்கும் பஸ் இருக்கிறது. லேசானதில் ஆரம்பித்து கனமானதில் முடிக்க வேண்டும், திருப்பிப் போட்டால் நாக்கும் போச்சு, நாளும் போச்சு.

முதலில் நெதர்டன். அங்கே ஓல்ட் ஸ்வான் என்று ஒரு பப், ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் உள்ளூரில் யோசிப்பார்கள். பல வருடம் அதை நடத்திய டோரிஸ் பார்டோ அம்மாளின் பெயரால் 'மா பார்டோஸ்' என்றால்தான் வழி சொல்வார்கள். பாரில் உட்கார்ந்து மேலே பார்த்தால் எனாமல் தகடு பதித்த கூரை, நடுவில் ஓர் அன்னம். நடுக்கூடத்தில் பழைய இரும்பு அடுப்பு. பப்பே தனக்கான பீரைப் பின்கட்டில் காய்ச்சிக்கொள்வது ஒரு காலத்தில் நாடெங்கும் சர்வசாதாரணம். 1970-களின் தொடக்கத்தில், பீப்பாய் ஏலைக் காப்பாற்றவென்று 1971-இல் தொடங்கிய காம்ரா அமைப்பினர் தேடிப் பார்த்தபோது அப்படி மிஞ்சியிருந்தவை நான்கே நான்கு. அதில் ஒன்று இது. அந்த நாலும் அழிந்திருந்தால் இன்று ஊருக்கு ஊர் முளைத்திருக்கிற குட்டி ஆலைகளுக்கு முன்மாதிரி என்று காட்ட ஒன்றும் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

அங்கிருந்து பிரியர்லி ஹில். 1877-இலிருந்து ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் பேதம்ஸ் ஆலை, அதற்கு முன்னால் ஒட்டியபடி வைன் இன் என்ற பப். இதற்கும் உள்ளூர்ப் பெயர் வேறு: புல் அண்ட் பிளாடர், அதாவது காளையும் சிறுநீர்ப்பையும். முன்பு அந்த இடத்தில் கசாப்புக் கடை இருந்ததாம். ஆலையிலிருந்து பாருக்கு வருகிற தூரம் சில அடிகள்தான், இதைவிடப் புதிதாக வேறெங்கும் குடிக்க முடியாது. பேதம்ஸ் மைல்டு 3.5 சதவீதம், பிட்டர் 4.3. இந்த பிட்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிறம் வெளிர் தங்கம். முதல் வாயில் இனிப்பு, 'இதற்கா பிட்டர் என்று பெயர்' என்று நினைக்கும்போது தொண்டை தாண்டியபின் கசப்பு மெதுவாக வந்து உட்காரும். சனிக்கிழமை மத்தியானம் அங்கே நிற்க இடம் கிடைக்காது. இரண்டையும் தனித்தனியே ருசி பார்க்க நேரமில்லை என்றால் 'மிக்ஸ்ட்' என்று கேளுங்கள், பாதி மைல்டு பாதி பிட்டர் ஊற்றித் தருவார்கள். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு அதுதான் வாடிக்கை.

கடைசியில் செட்ஜ்லி, பீக்கன் ஹோட்டல். ஹோட்டல் என்று பெயர், ஆனால் நான் போவது பின்னால் இருக்கும் சாரா ஹியூஸ் ஆலைக்காக. சாரா ஹியூஸ் என்ற பெண்மணி 1921-இல் இதை வாங்கி நடத்தினார். 1950-களின் கடைசியில் காய்ச்சுவது நின்றுபோனது. 1987-இல் பேரன் ஜான் ஹியூஸ் ஆலையைத் திரும்ப இயக்கி, பாட்டியின் செய்முறையிலேயே டார்க் ரூபி மைல்டு காய்ச்சத் தொடங்கினார். நான் மேலே சொன்ன 3 சதவீதக் கணக்கெல்லாம் இங்கே செல்லாது. இது 6 சதவீதம். முதல் உலகப்போர்க் காலத்துக் கட்டுப்பாடுகள் இங்கிலாந்து பீரையெல்லாம் நீர்த்துப்போகச் செய்வதற்கு முன்னால் மைல்டுக்கு இருந்த கனம் எப்படி என்று தெரிய வேண்டுமென்றால் இதைக் குடித்துப் பார்க்கலாம்.

பீக்கனில் நீளமான பார் கிடையாது. கட்டடத்தின் நடுவில் ஒரு சின்னஞ்சிறு அறை, சுற்றிலும் மற்ற அறைகள். ஒவ்வொரு அறைக்கும் சிறு ஜன்னல் திறப்பு, அதில் குனிந்து கேட்டு வாங்க வேண்டும். குனிந்தால் உள்ளே ஊற்றுகிறவரின் கையும் பம்பும் மட்டும் தெரியும். டம்ளர் வெளியே வரும்போது கறுப்பாகத்தான் இருக்கும். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் மாதுளைச் சிவப்பு எட்டிப்பார்க்கும். வாசம் உலர்ந்த திராட்சை. நாக்கில் கனமான இனிப்பு இறங்கி, முடிவில் சுத்தமாக வறண்டு நிற்கும், பிசுபிசுக்காது. இதை அரை பைன்ட் வாங்குவதே புத்திசாலித்தனம். இங்கே ஆல்கஹாலை யூனிட்டில் கணக்கிடுவார்கள்: 3.5 சதவீத மைல்டு ஒரு பைன்ட் 2 யூனிட், டார்க் ரூபி ஒரு பைன்ட் ஏறக்குறைய 3.4. வாரத்துக்கு 14-ஐத் தாண்டாதீர்கள் என்பது அரசாங்க மருத்துவர்களின் அறிவுரை. சனிக்கிழமை உற்சாகத்தில் இந்தக் கணக்கு சுலபமாக மறந்துபோகும்.

இன்னொரு ஆபத்து, ரவுண்டு முறை. ஐந்து பேர் போனால் ஆளுக்கு ஒரு ரவுண்டு எல்லோருக்கும் வாங்குவது இங்குள்ள மரியாதை. நம்மவர்களுக்கு ஏற்கெனவே பில் கொடுக்கச் சண்டை போடும் பழக்கம் உண்டு, அதோடு இதுவும் சேர்ந்தால் எல்லோருக்கும் ஐந்து பைன்ட் உறுதி. "எனக்கு அரை போதும்" என்று முதல் ரவுண்டிலேயே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மேஜைக்கு வந்து ஆர்டர் எடுக்க மாட்டார்கள், பாரில் போய் நிற்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாருக்குப் பின் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பணத்தை ஆட்டிக் கூப்பிட்டால் முகம் மாறும். எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம், தயங்க வேண்டாம்.

சைவர்களுக்கு ஒரு தகவல். பீர் சீக்கிரம் தெளிய ஐசிங்கிளாஸ் என்ற ஒன்றைப் பீப்பாயில் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அது மீனின் காற்றுப்பையை உலர்த்தி எடுப்பது. அடியில் படிந்துவிடும், டம்ளரில் வராது என்பார்கள், ஆனால் சைவ நண்பர்கள் இதைக் கேட்டு முகம் சுளித்ததைப் பார்த்திருக்கிறேன். என் கூட வேலை பார்க்கும் கும்பகோணத்து அக்கா ஒருவர் நேரடியாகவே கேட்பார், "இதுல மீன் சேர்த்திருக்கா?" பார்க்காரர் முதலில் விழித்தார், அப்புறம் உள்ளே போய் விசாரித்து வந்து சொன்னார். இப்போது மீன் சேர்க்காமல் தானாகத் தெளியவிடும் சிறு ஆலைகள் நிறைய வந்துவிட்டன, பம்புப் பட்டையிலேயே போட்டிருப்பார்கள்.

சாப்பாடு? பாரம்பரியப் பப்களில் 'காப்' எனும் உருண்டை ரொட்டியில் சீஸும் வெங்காயமும் வைத்ததும், பொரித்த பன்றித்தோலும்தான். மைல்டோடு பச்சை வெங்காயம் அருமையாகச் சேரும், இதை யாராவது மறுத்தால் வாதாடத் தயார். வயிறு நிறைய வேண்டுமென்றால் வெஸ்ட் பிராம்விச், ஸ்மெதிக் பக்கம் போக வேண்டும். அங்கே பஞ்சாபிகள் நடத்தும் தேசி பப்கள் இருக்கின்றன. ஒரு கையில் பைன்ட், மறுகையில் தந்தூரியில் சுட்ட ஆட்டு விலாவும் மீனும். இதன் பின்கதை இனிப்பானதில்லை. இரும்பு உலைகளில் வேலை செய்ய வந்த இந்தியத் தொழிலாளர்களை 1960-களில் இங்குள்ள பப்கள் சில உள்ளேயே விடவில்லை, சில தனி அறையில் உட்கார வைத்தன. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் ஸ்மெதிக்குக்கு வந்து இந்த நிறபேதத்தை நேரில் பார்த்துவிட்டுப் போனார். சில நாட்களில் நியூயார்க்கில் கொல்லப்பட்டார். இந்தியத் தொழிலாளர் சங்கம் போராடியது. அப்புறம் மெல்ல மெல்ல அந்தச் சமூகத்து ஆட்களே பப்களை எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். தொழிற்சாலைகளும் பப்களும் வரிசையாக மூடியபோது பல பப்கள் இடிபடாமல் தப்பியது அவர்கள் கிரில் அடுப்பால்தான் என்பேன். எல்லா தேசி பப்பிலும் நல்ல ஏல் கிடைக்காது, லாகர்தான் அதிகம். கைப்பம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

பார்க்க நினைப்பவற்றைத் தள்ளிப்போட வேண்டாம். ஹிம்லியில் சுரங்கத்தால் ஒருபக்கம் சரிந்து, கோணலாக நின்றே புகழ்பெற்ற குரூக்கட் ஹவுஸ் பப் 2023 ஆகஸ்டில் எரிந்து, இரண்டு நாளில் இடித்துத் தரைமட்டமானது. வுல்வர்ஹாம்ப்டனில் நூற்றைம்பது வருடம் ஓடிய பேங்க்ஸ் ஆலையை மூடுவதாக 2024-இல் அறிவித்தார்கள். நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 2023 ஆகஸ்டில் மாறிய வரி முறையில் 3.5 சதவீதத்துக்குக் குறைந்த பீருக்கு வரி குறைவு. மைல்டு காய்ச்சுகிறவர்களுக்கு அது கொஞ்சம் ஆசுவாசம். மே மாதத்தை காம்ரா மைல்டு மாதமாகக் கொண்டாடுகிறது, அப்போது வந்தால் வழக்கமாக வைக்காத பப்களிலும் ஒரு பீப்பாய் மைல்டு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டுக்கு வாங்கிப்போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போகலாம். பல பப்களில் பிளாஸ்டிக் ஜாடியில் பீப்பாயிலிருந்தே பிடித்துத் தருவார்கள். கழுத்துவரை நிரப்பச் சொல்லுங்கள், மேலே காற்று இருக்கக் கூடாது. பஸ்ஸில் மடியில் வைத்து ஆடாமல் கொண்டுபோய், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, ஊற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து, அன்று ராத்திரியே தீர்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு என்று மிச்சம் வைத்தால் மாட்டுக்கறி வறுவலில் ஊற்றத்தான் உதவும். அதற்கு டார்க் ரூபி நன்றாகவே உதவுகிறது.